மோரிஸ் மைனர்: பிரேக்கும் சஸ்பென்ஷனும் அச்சு அசலாக

மோரிஸ் மைனர் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 லட்சம் கார்கள் விற்றிருந்தன. பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் கார் அதுதான். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ்; பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவரே. இந்தியாவில் இதே கார் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் ஓடியது. அதே குடும்பத்துப் பெரிய காரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அம்பாசிடர் என்ற பெயரில் 2014 வரை இங்கே தயாரானது. இலங்கை உள்நாட்டுப் போரின்போது பெட்ரோலுக்குத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துச் சாலைகளில் மண்ணெண்ணெயில் ஓடிய மோரிஸ், ஆஸ்டின் கார்களை அங்குள்ளவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய பழைய காரை வாங்குபவர் முதலில் கவனிப்பது பெயின்ட்டையும் குரோமியப் பூச்சையும்தான். ஆனால் கார் எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது என்பதையெல்லாம் முடிவு செய்பவை அதன் அடியில், கண்ணுக்குப் படாமல் இருக்கும் பாகங்கள். அவற்றைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குக் கொண்டுவருவது என்றால் துரு நீக்கிக் கறுப்பு பெயின்ட் அடிப்பது மட்டுமல்ல. ஒவ்வொரு பாகமும் வடிவமைத்தவர் கணக்கில் வைத்த அளவிலும் இறுக்கத்திலும் இருக்க வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால், சிறிய டிரம் பிரேக்கும் பழைய பாணி ஷாக் அப்ஸார்பரும் அந்தக் காரின் வேகத்துக்குத் தாராளமாகப் போதும். முதல் மைனரின் 918 சி.சி. எஞ்சின் 30 குதிரைத்திறன்கூட இல்லாதது. மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்டவே மூச்சு வாங்கும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் காரின் வயதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தொடக்க கால மைனர்களில் நான்கு சக்கரங்களிலும் 7 அங்குல டிரம்கள் இருந்தன. 1962-இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது முன்சக்கர டிரம்கள் 8 அங்குலமாகப் பெரிதாயின; பின்சக்கரத்தில் மாற்றமில்லை. அறுபது ஆண்டுகளில் பல கைகள் மாறிய காரில் பின்னால் வந்த பாகங்கள் ஏறியிருப்பது சகஜம். ஆகவே சேசிஸ் எண்ணைக் கொண்டு ஆண்டைக் கண்டுபிடித்து, அந்த ஆண்டின் பட்டறைக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டே பாகங்களைக் கழற்ற வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, இடது, வலது என்று சீட்டுக் கட்டி வைப்பது பிற்பாடு பெரிதும் உதவும்.

முன் பிரேக்கின் அமைப்பு அழகானது. சுழலும் டிரம்மின் உட்புறத்தை ஒரு பிரேக் ஷூ தொடும்போது, டிரம் சுழலும் திசையே அந்த ஷூவை இழுத்து மேலும் அழுத்தமாகப் பதிய வைக்கும். இப்படி இழுபடும் ஷூவை முன்னணி ஷூ என்பார்கள். மைனரின் முன்சக்கரத்தில் இரண்டு ஷூக்களுமே முன்னணி ஷூக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வீல் சிலிண்டர் உண்டு. அதனால்தான் எந்த உதவிக் கருவியும் இல்லாமல் வெறும் கால் பலத்தில் கார் நிற்கிறது. பின்சக்கரத்தில் ஒரே சிலிண்டர். ஒரு ஷூ முன்னணியாகவும் மற்றது பின்னணியாகவும் வேலை செய்வதால், கார் முன்னே போனாலும் பின்னே உருண்டாலும் பிடிப்பு கிடைக்கிறது. மேட்டில் கை பிரேக் தாங்குவது இதனால்தான்.

இந்த அமைப்பில் ஒரு சிலிண்டர் இறுகிப்போனாலும் கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஓடாமல் நின்ற கார்களில் இது பெரும்பாலும் நடந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைத்து, சின்னச் சின்னக் குழிகளை உண்டாக்கும். குழி விழுந்த சுவரில் புது ரப்பர் சீல் போட்டால் சில நாள் தாங்கும், பிறகு கசியும். எனவே சிலிண்டரைப் பிரித்து, துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உட்சுவரைப் பார்க்க வேண்டும். குழி இருந்தால் புது சிலிண்டர் வாங்கலாம். அல்லது பழைய உடலையே வைத்துக்கொண்டு உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை பொருத்தி மூல அளவுக்குக் கடைந்துகொள்ளலாம். அசல் உடலைக் காப்பாற்றும் இரண்டாவது வழி செலவு பிடித்தாலும் மேலானது. பட்டறைகளில் எதை எடுத்தாலும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ முக்கிக் கழுவும் பழக்கம் இங்கே கூடவே கூடாது. அந்த எண்ணெய்கள் பட்டால் சீல் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஆயிலையோ ஆல்கஹாலையோ கொண்டுதான் கழுவ வேண்டும்.

டிரம்களை லேத் பட்டறையில் சோதிக்க வேண்டும். வட்டம் கோணியிருந்தால் பெடல் காலடியில் துடிக்கும். லேசாகக் கடைந்து சரிசெய்யலாம். ஆனால் அளவுக்கு மீறிக் கடைந்தால் டிரம்மின் சுவர் மெலிந்துவிடும், ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் பொருந்தாமல் போகும்.

பெடலை மிதிக்கும்போது சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான் மைனரில் பலரைத் திணறடிக்கும் பாகம். ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்துக்குள் அது ஒளிந்திருக்கிறது. ஆயில் அளவைப் பார்க்க வேண்டுமென்றால் தரைவிரிப்பைத் தூக்கி, மூடியைத் திறக்க வேண்டும். கண்ணில் படாததால் ஆண்டுக்கணக்கில் அதைத் திறக்காமலேயே காரை ஓட்டியவர்கள் ஏராளம். திறப்பவர்களும் சுற்றியுள்ள மண்ணைத் துடைக்காமல் திறந்தால் அந்த மண் நேராக ஆயிலுக்குள் விழும். சிலிண்டரைக் கழற்றுவது இன்னும் சிரமம். அதைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட்டுகளை உருவ வழியில்லாமல், முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே ஓடுகிறது. பாரை இறக்காமல் போல்ட் வெளியே வராது. மைனரில் பிரேக் வேலையையும் சஸ்பென்ஷன் வேலையையும் ஒருசேரத் தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

டார்ஷன் பார் என்பது முறுக்கேறி நிமிரும் எஃகுக் கம்பி. காயில் ஸ்பிரிங் செய்யும் வேலையை இது செய்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையிலிருந்து காரின் நடுப்பகுதியிலுள்ள குறுக்குச் சட்டம் வரை இது நீளவாக்கில் ஓடுகிறது. சக்கரம் மேலே எழும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், பள்ளம் கடந்ததும் திரும்பும். இதனால் வண்டியின் எடை முன்மூக்கில் குவியாமல் நடுவே பரவுகிறது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கினாலும் கம்பியில் முறுக்கு மிச்சமிருக்கும். கீழ்க் கைக்கு அடியில் தனி ஜாக்கி கொடுத்து, மேல் இணைப்பைப் பிரித்து, முறுக்கு முற்றிலும் தளரும் வரை மெல்ல மெல்ல இறக்கிய பிறகே கம்பியில் கை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கை போய்விடும்.

வெளியே எடுத்த கம்பியைச் சுத்தியலால் தட்டுவதோ, குறட்டில் கடித்துப் பிடிப்பதோ தவறு. மேற்பரப்பில் விழும் மெல்லிய கீறல்கூட விரிசலுக்கு வித்தாகும். ஒரே திசையில் முறுக்கிப் பழகிய கம்பி என்பதால் இடப்பக்கத்தை வலப்பக்கம் மாற்றிப் போடவும் கூடாது. பல ஆண்டு பாரத்தில் கம்பி சற்றுத் தளர்ந்து காரின் மூக்கு தாழ்ந்திருந்தால், பின்முனையிலுள்ள பற்களிலும் துளைத் தகட்டிலும் இடம் மாற்றிப் பொருத்திக் கையேடு சொல்லும் உயரத்துக்கு மீட்கலாம்.

உயிருக்கு உலை வைக்கக்கூடிய பாகம், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னும் அதன் டிரன்னியனும். மைனரின் கிங்பின்னுக்கு மேலும் கீழும் திருகு மரை உண்டு. அந்த மரைகள் டிரன்னியன் எனும் உலோகக் கட்டைக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் மரை சுழல்கிறது. கிரீஸ் இருக்கும் வரை நெடுங்காலம் உழைக்கும். கிரீஸ் வறண்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கீழ்க் கட்டையிலிருந்து கிங்பின் நழுவி வெளியே வந்துவிடும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து, கார் முகம் குப்புற உட்காரும். பெரும்பாலும் இது ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும் மெதுவான வேகத்தில் நடப்பதால் பலர் தப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் கார் ஓட்டக் கூடாது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதோடு, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி மரையில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கிங்பின்னையும் டிரன்னியனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த மரையோடு புது மரையைக் கூட்டினால் இரண்டும் சீக்கிரம் கெடும். பொருத்திய பின் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக் கிரீஸ் அடிப்பது நல்லது. பாரம் நீங்கினால்தான் மரையின் தேயும் பக்கத்துக்குக் கிரீஸ் போய்ச் சேரும்.

மைனரின் ஷாக் அப்ஸார்பர் இன்றைய குழாய் வகை அல்ல. ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் செய்த, கை நீட்டிய பெட்டி போன்ற வகை. முன்சக்கரத்தில் இந்தக் கையே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் இருக்கிறது. ஆகவே பெட்டியின் அச்சு தேய்ந்தால் அதிர்வு அடங்காமல் போவதோடு, சக்கரம் நிற்கும் சாய்வும் மாறிவிடும். கையைத் தனியே பிரித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தால், வழி நெடுக ஒரே சீரான எதிர்ப்பு தெரிய வேண்டும். நடுவே ‘தொளதொள’வென்று விட்டால் உள்ளே ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். மேல் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டு, உரிய மெல்லிய ஆயிலை ஊற்றி, கையை அசைத்து அசைத்துக் காற்றை வெளியேற்றலாம். அச்சோரம் ஆயில் வழிந்தால் அனுபவமுள்ள பட்டறையில் புது புஷ்ஷும் சீலும் போட வேண்டும். குழாய் வகை ஷாக் அப்ஸார்பருக்கு மாற்றும் உபகரணங்கள் கிடைக்கின்றன. ஆனால் நல்ல நிலையிலுள்ள அசல் பெட்டியின் மிருதுவான ஓட்டத்தை அனுபவித்தவருக்கு அந்த மாற்றம் தேவைப்படாது.

பின்பக்கம் எளிது. நீளமான பட்டை ஸ்பிரிங்குகளைப் பிரித்து, தகடுகளுக்கு இடையிலான துருவைத் தேய்த்து, தொய்ந்திருந்தால் பட்டை வேலை தெரிந்தவரிடம் கொடுத்து வளைவை மீட்க வேண்டும். ஸ்பிரிங்கைத் தாங்கும் சேசிஸ் கொக்கிகள் துருப்பிடித்து உளுத்துப்போவது மைனரின் பரம்பரை நோய். புது ஸ்பிரிங்கை அதில் மாட்டும் முன் தட்டிப் பார்த்துவிட வேண்டும். முன்னும் பின்னும் ரப்பர் புஷ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அவற்றின் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது காரைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

சில இடங்களில் அசல் என்ற பிடிவாதத்தை விட்டுவிட வேண்டும். அக்காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நுரையீரலைக் கெடுக்கும் அதன் நாரைப் பிரிட்டன் 1999-இல் முழுமையாகத் தடை செய்தது. பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்; புது லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததாக இருக்க வேண்டும். எஃகு பிரேக் குழாய்க்குப் பதில் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவைக் குழாயைப் போடலாம். அதற்குக் கறுப்பு பெயின்ட் அடித்தால் வித்தியாசம் தெரியாது. முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக உள்ள ரப்பர் ஹோஸ்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். அவற்றைக் கேள்வியே இல்லாமல் மாற்றிவிட வேண்டும். எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி என்பதால் ஒரு ஹோஸ் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும்.

ஆயிலில் கிளைக்கால் வகையான டாட் 4 ஏற்றது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் அது 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். சிலிகான் வகையான டாட் 5 ஈரம் உறிஞ்சாது, பெயின்ட்டையும் அரிக்காது. ஆனால் மற்ற வகையோடு சேரவே சேராது.

எல்லாம் பூட்டிய பின் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை எடுக்க வேண்டும். பிறகு டிரம்மின் துளை வழியே ஸ்க்ரூடிரைவரை விட்டு, டிரம் பிடிக்கும் வரை அட்ஜஸ்டரைத் திருகி, ஒரு பல் பின்வாங்க வேண்டும். முன்சக்கரத்தில் சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர், பின்சக்கரத்தில் ஒன்று. பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள தள்ளுகம்பியில் நூலளவு இடைவெளி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் திரும்பி வரும் நுண்துளை மூடிக்கிடந்து, ஓட ஓட பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ‘எல்லாம் புதுசு, ஆனால் வண்டி இழுக்கவில்லை’ என்று வரும் புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம்.

முதல் சில நூறு மைல்களில் லைனிங் டிரம்மோடு பொருந்தும்; டார்ஷன் பாரும் பட்டை ஸ்பிரிங்கும் பாரத்துக்குப் படியும். அதன் பிறகு அட்ஜஸ்டர்களை மீண்டும் ஒருமுறை திருகி, ஸ்பிரிங்கின் யு-போல்ட்டுகளை இறுக்கி, முன் உயரத்தை அளந்து, தரைவிரிப்பைத் தூக்கி ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். கிளைக்கால் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் இதில் விலக்கு இல்லை.