ஆர்வ நிரலரும் வரைகலைக் கருவித்தொகுதியும்

சொல்லடைவு தொகுத்தற்கும் பாடவேறுபாடுகளை ஒப்பிடுதற்கும் தமிழாய்வாளர் சிலர் தாமே கணினி நிரல் எழுதுகின்றனர். தொழிலாகவன்றி ஓய்வுப் பொழுதில் எழுதும் இத்தகையோரை ஈண்டு ஆர்வ நிரலர் என்று குறிப்போம். நிரலின் உள்வேலை முடிந்த பின்னர், அதனைப் பிறரும் எளிதிற் கையாளுதற்குச் சாளரம், பொத்தான், உரைக்கட்டம் முதலிய உறுப்புக்கள் வேண்டும். இவ்வுறுப்புக்களை ஆயத்தமாகக் கொண்டிருப்பதே வரைகலைக் கருவித்தொகுதி எனப்படும். அத்தகைய தொகுதிகள் பல உள. அவற்றுள் ஒன்றனைத் தெரிந்தெடுத்தற்குரிய அளவைகளை ஒருசிறிது ஆராய்வோம்.

பரவலாக வழங்கும் மூன்றனை எடுத்துக்கொள்வோம். முதலாவது டிகே. இது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் ஜான் அவுஸ்டர்ஹவுட் என்பாரால் ஆக்கப்பெற்றது. பைத்தான் மொழியோடு டிகின்டர் என்னும் இணைப்பாகப் பெரும்பாலும் உடன்வருதலின், தொடக்கநிலையினர்க்கு எளிதிற் கிட்டுவது. இரண்டாவது ஜிடிகே. கிம்ப் என்னும் படத்திருத்த நிரலின் பொருட்டு 1990களில் அமைக்கப்பெற்றுப் பின்னர்த் தனித்தொகுதியாயிற்று. மூன்றாவது கியூட்டி. இது நார்வே நாட்டில் தோன்றி 1995இல் வெளிவந்தது.

இவற்றைத் தோற்றப் பொலிவு கொண்டு தேர்வதே பலர்தம் வழக்கம். நாமோ எழுத்தையே முதல் அளவையாகக் கொள்வோம். யூனிக்கோடு முறையில் 'கை' என்னும் எழுத்துச் சேமிக்கப்படுங்கால், ககரம் முன்னும் ஐகாரக் குறி பின்னுமாக நிற்கும். திரையிலோ அக்குறி ககரத்திற்கு முன்னே வருதல் வேண்டும். 'கொ' என்பதில், ஒன்றாகச் சேமித்த ஒகரக் குறி திரையில் இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருமருங்கும் நிற்கும். இவ்வொழுங்கினை அமைத்தற்கு எழுத்தமைப்புப் பொறி ஒன்று தேவை. ஜிடிகேயும் கியூட்டியும் ஹார்ஃப்பஸ் என்னும் பொறியின் துணையால் இதனைச் செய்கின்றன. டிகே, விண்டோசிலும் மேக்கிலும் அவ்வியக்கமுறைகளின் உதவியைப் பெறுகின்றது. லினக்சிலோ, அதன் 8.6ஆம் பதிப்பு குறிகளை வந்த வரிசையிலேயே வரைந்து செல்லும். ஆகலின் ஐகாரக் குறி ககரத்தின் பின்னே விழும். ஆங்கிலச் சொற்களில் இக்குறை புலப்படாது. அவற்றைக் கொண்டே சோதித்து நிரலை முடித்தவர், தம் சொல்லடைவை அதில் முதன்முறை திறக்குங்கால் திடுக்கிடுவர்.

இரண்டாம் அளவை உரிமம். கியூட்டியின் தொடக்கக்கால உரிமம் முழு விடுதலை தராமையின், அதன்மேல் எழுந்த கேடிஇ முயற்சிக்கு மாற்றாக 1997இல் ஜிடிகேயைக் கொண்டு குனோம் தொடங்கப்பெற்றது. பின்னர், 2000இல் ஜிபிஎல் உரிமமும், 2009இல் அதனினும் தளர்வான எல்ஜிபிஎல் உரிமமும் கியூட்டிக்கு வாய்த்தன. எனினும் பைத்தானில் எழுதுவோர் ஒன்று கருதல் வேண்டும். கியூட்டியைப் பைத்தானோடு இணைப்பனவற்றுள் பைக்கியூட்டி என்பது ஜிபிஎல் அல்லது வணிக உரிமத்திலும், பைசைடு என்பது எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கின்றன. நிரலின் மூலத்தை வெளியிட விரும்பாதார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

மூன்றாம் அளவை நிலைபேறு. ஜிடிகேயின் மூன்றாம் பதிப்பு 2011இலும் நான்காம் பதிப்பு 2020இலும் வெளிவந்தன. ஒவ்வொன்றற்கும் பழைய நிரல்களைப் பல இடங்களில் திருத்த வேண்டியதாயிற்று. எதன்பொருட்டு ஜிடிகே தோன்றிற்றோ அந்தக் கிம்ப் நிரலே மூன்றாம் பதிப்பிற்கு மாறி நிலைபெற்ற வெளியீடாக வந்தது 2025இல்தான். பலர் கூடி உழைக்கும் நிரலுக்கே 14 ஆண்டுகள் சென்றனவெனின், மாலைப்பொழுது மட்டுமே உடைய தனியொருவர்க்கு என்னாகும்?

ஆதலின், எத்தொகுதியை எடுப்பினும் ஒரு வரம்பு காத்தல் நன்று. சொல்லைப் பிரித்தல், எண்ணுதல், அகரநிரல்படுத்தல் ஆகிய உள்வேலையில் சாளரம் பற்றிய ஒரு வரியும் கலத்தலாகாது. அவ்வாறு பிரித்து வைப்பின், தொகுதி மாறுங்கால் மேற்புறம் மட்டுமே மாறும். ஆய்வின் பயன் அழியாது.

ஒரே விண்டோசு கணினியிற் பயன்படும் சிறு நிரலுக்கு டிகே போதும். குனோம் சூழலில் மட்டும் இயங்குவதற்கு ஜிடிகே பொருந்தும். தமிழுரையைப் பல இயக்கமுறைகளிலும் காட்ட வேண்டுவோர்க்குக் கியூட்டியே தக்கது என்பது நம் துணிபு. எதனைக் கொள்ளினும், முதல்நாளே ஓர் உரைக்கட்டத்தில் 'கொன்றை' என்று தட்டச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். அச்சொல் பிழையின்றித் தோன்றிய பின்னரே எஞ்சியவற்றைத் தொடங்குக.