புள்ளைக்குக் காய்ச்சல்: பெற்றோர் யாரைக் கேட்கிறார்கள், எதைக் கேட்க வேண்டும்?



இரவு பத்து மணி. வகுப்புப் புலனக் குழுவில் ஓர் அம்மாவின் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"டீச்சர், மூணு நாளா காய்ச்சல். இன்னைக்கு விட்டுடுச்சு. ஆனா புள்ள சோர்ந்து படுத்தே இருக்கான். நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாமா?"

ஐந்தே நிமிடத்தில் பதில்கள் வரிசை கட்டும். ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்வார். இன்னொருவர் நண்டு சூப் வைக்கச் சொல்வார். "வெயில்ல ஆடியிருப்பான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார் மற்றொருவர். எல்லாருக்கும் நல்ல மனசுதான். ஆனால் "தண்ணி குடிக்கிறானா? ஒண்ணுக்குப் போனானா? வயிறு வலிக்குதாமா?" என்று ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேட்காத கேள்விகளைப் பற்றியது.

காய்ச்சல் விட்டதும் வரும் ஆபத்து

பினாங்கில் வாழும் எந்தக் குடும்பத்துக்கும் டிங்கி புதிதல்ல. இந்நோயில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. காய்ச்சல் ஏறும் நாள்களைவிட அது இறங்கும் நேரம்தான் கவனத்துக்குரியது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிரும். சிலருக்கு அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இரத்தம் கெட்டியாகும், இரத்த அழுத்தம் குறையும். இந்நிலை 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கலாம்.

கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது அமைதியின்மை, சிறுநீர் குறைதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே, மேலே கண்ட அம்மாவுக்குத் தரவேண்டிய பதில், "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு இருந்துடாதீங்க, இப்பவே காட்டுங்க" என்பதே.

பப்பாளி இலைச் சாறு? அதைப் பற்றி மலேசியாவிலேயே ஆய்வு நடந்து, 2013-இல் வெளியானது. இரத்தத் தட்டணுக்கள் கூடுவதை அந்த ஆய்வு கண்டது. ஆனால் உயிருக்கு ஆபத்தை உண்டாக்குவது முக்கியமாக அந்த நீர்க்கசிவு. சாறு கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டால் பாதி உண்மையே முழு ஆபத்தாகிவிடும்.

பெற்றோர் தேடிப் போகும் மூன்று இடங்கள்

முதலாவது, வீட்டுப் பெரியவர்கள். பிள்ளையின் அழுகையை வைத்தே "இது பசி அழுகை இல்ல" என்று சொல்லிவிடுவார் பாட்டி. அந்தக் கண் மதிக்கத்தக்கது. ஆனால் பச்சிளங்குழந்தையின் நாக்கில் தேன் தடவும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தேனில் சிலவேளை இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே திணறலாம். பாட்டியிடம் "தப்பு" என்று சொல்லாமல், "ஒரு வயசு ஆகட்டும் பாட்டி, அப்புறம் தடவலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டியின் மனமும் நோகாது, குழந்தையும் பிழைக்கும்.

இரண்டாவது, விளம்பரம். சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு: 'பாலும் கொலையும்'. இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவு என்று விற்பதால் கைக்குழந்தைகள் சாகிறார்கள் என்று அவர் கடுமையாகச் சாடினார். அன்றைய தாய்மார்களுக்கு டின்னில் இருந்த படமும் எழுத்துமே 'மருத்துவத் தகவல்'. இன்று அதே வேலையைக் காணொளிகள் செய்கின்றன. தாய்ப்பாலூட்டலுக்காக 1991-இல் தொடங்கப்பட்ட உலகக் கூட்டமைப்பின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை நடக்கும் உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் ஒருங்கிணைத்து வருவது இந்த அமைப்பே.

மூன்றாவது, இணையமும் புலனமும். ஒரு தவறான செய்தி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1998-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய கட்டுரை அது. 2010-இல் இதழ் அதை மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு வேக்ஃபீல்டு பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். ஆனாலும் அந்தப் பயம் இன்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. தடுப்பூசியைத் தவிர்ப்பதன் விலையை நம் நாடு அறியும். 2016-இல் டிப்தீரியா நோய் தலைகாட்டியபோது தடுப்பூசி போடாத பிள்ளைகள் உயிரிழந்தார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் உதவி

வெகுதூரம் தேட வேண்டியதில்லை. அரசாங்கச் சுகாதார நிலையம் ஒவ்வொரு குழந்தைக்கும் தரும் உடல்நலப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். எடை, வளர்ச்சி வரைபடம், தடுப்பூசித் தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். பலர் வீட்டில் அது அலமாரிக்குள் தூங்குகிறது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அது கையில் இருக்கட்டும்.

குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. பூஜை அறையில் இருந்த கற்பூரத்தை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள்? கற்பூரம் சிறு பிள்ளைக்கு வலிப்பையே உண்டாக்கக்கூடியது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்ன விழுங்கியது, எவ்வளவு, எப்போது என்பதைக் குறித்துக்கொண்டு நச்சு மையத்தை அழையுங்கள். மயக்கமோ வலிப்போ இருந்தால் யோசிக்காமல் 999. மையத்தின் எண்ணை இன்றே பார்த்து எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.

மருந்துப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்றும் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிந்த மருந்துக்கே அந்த எண் உண்டு.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. பிள்ளையின் வயது என்ன, எடை எவ்வளவு? பாரசிட்டமோல் அளவு எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. கடையில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் சிரப்பும் உண்டு, 250 மில்லிகிராம் சிரப்பும் உண்டு. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளை அளவு 120 முதல் 180 வரைதான். "ஒரு கரண்டி கொடு" என்ற அறிவுரை ஒரு போத்தலுக்குச் சரி, இன்னொரு போத்தலுக்கு ஆபத்து. டிங்கி என்ற ஐயம் இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரோபனும் கூடவே கூடாது.
2. இது எத்தனையாவது நாள்?
3. குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா?
4. இதைச் சொன்னவர் யார்? எந்த ஆண்டில் சொன்னார்? எதையாவது விற்கிறாரா?
5. எந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் போக வேண்டும்?

ஆசிரியர் செய்யக்கூடியது

நாம் மருத்துவர் அல்லர். மருந்து சொல்வது நம் வேலையல்ல. ஆனால் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு மொழியே முதல் தடை. "புள்ளைக்கு ஒரே சூடா இருக்கு" என்றால் காய்ச்சலா, உடல் சூடா? மலாய் பேசும் தாதியிடம் அதை எப்படிச் சொல்வது? கீழுள்ள சொற்களை எழுதி வகுப்பில் ஒட்டினாலே பெரிய உதவி.

காய்ச்சல் – டெமாம்
வாந்தி – முந்தா
வயிற்றுப்போக்கு – சிரிட் பிரிட்
வலிப்பு – சாவான்
மூச்சுத்திணறல் – செசாக் நஃபாஸ்
தோல் தடிப்பு – ருவாம்

மொழிபெயர்க்கப் பிள்ளையையே முன்னால் நிறுத்துவதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளை தன் தம்பியின் நோயை விளக்கும்போது பயத்தில் ஒரு சொல்லை விட்டுவிடலாம்.

மாணவர்களுக்குப் பயிற்சி

அ. 'உடல்நலத் தகவலைத் தேடுவதில் பெற்றோரின் பொறுப்பு' எனும் தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக. ஒவ்வொரு கருத்துக்கும் விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டும் தருக. 'இணையம் கெட்டது' என்று மட்டும் எழுதினால் அது கருத்தே; விளக்கம் ஆகாது.

ஆ. உங்கள் குடும்பப் புலனக் குழுவில் வந்த ஓர் உடல்நலச் செய்தியை எடுத்து, நான்காம் கேள்வியால் சோதித்து, ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

யார், எப்போது, எவ்வளவு, எதனால் என்று கருத்துணர்தல் பகுதியில் நாள்தோறும் கேட்டுப் பழகுகிறீர்கள். அடுத்த முறை வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ உடம்பு சுட்டால், அதே கேள்விகளை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில்களைத் தாளில் எழுதி, கிளினிக்குக்குப் புறப்படும்போது அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.