சாலைச் சினம்: கட்டுரையில் எழுதுவதும் காரில் செய்வதும்

"டீச்சர், நேத்து சாயங்காலம் பள்ளி கேட்டு முன்னாடி ஹோன் அடிச்சிக்கிட்டே இருந்தது உங்க காடிதானே?"

ஐந்தாம் படிவ வகுப்பில் இந்தக் கேள்வி வந்த நேரம் மிக மோசமான நேரம். 'சாலை விபத்துகளைத் தவிர்க்கும் வழிகள்' என்று வெண்பலகையில் தலைப்பு எழுதி, அதன் கீழே 'பொறுமை' என்ற சொல்லுக்கு இரண்டு கோடும் போட்டு முடித்திருந்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் அவன் சொன்னது உண்மை.

முந்தைய நாள் நடந்தது இதுதான். மகனைப் பராமரிப்பு மையத்திலிருந்து அழைத்துவர ஏற்கெனவே கால் மணி நேரம் தாமதம். பள்ளி வாசலில் ஒரு கார் குறுக்கே நின்றுவிட்டது. ஹோனில் வைத்த கையை நான் எடுக்கவேயில்லை. பிறகு பக்கத்தில் சென்று கண்ணாடியை இறக்கி, ஓர் ஆசிரியை சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனேன். அந்த மாது ஏன் அங்கே நின்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்தான் கேட்கவில்லையே.

சாலையில் மூர்க்கமாக நடப்பவர்களைப் பற்றி எழுதும்போது நாம் எல்லோரும் 'அவர்கள்' என்றே எழுதுகிறோம். இந்தக் கட்டுரையை 'நான்' என்று தொடங்கியதற்குக் காரணம் அதுதான்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். சாலைச் சினம், சாலை அடாவடி, சாலைப் பகடிவதை ஆகிய மூன்றையும் நம் பேச்சிலும் மாணவர் கட்டுரைகளிலும் ஒன்றுபோலவே பயன்படுத்துகிறோம். எனக்கு அவை மூன்று வேறு நிலைகள். சினம் என்பது திடீரென்று வருவது. யாரோ குறுக்கே புகுந்ததும் நெஞ்சில் மூள்வது. அடாவடி என்பது ஓட்டும் முறை. பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது, உயர் விளக்கை அடித்து அடித்துக் காட்டுவது, வரிசையில் நிற்காமல் அவசரத் தடத்தில் ஓடி முன்னால் வந்து மூக்கை நுழைப்பது. இதைச் செய்பவருக்குக் கோபமே இருக்க வேண்டியதில்லை, பழக்கமாகவே செய்வார். பகடிவதை என்பது ஒருவரைக் குறிவைத்து அச்சுறுத்துவது. முன்னால் போய் வேண்டுமென்றே பிரேக் போடுவது, துரத்துவது, வண்டியை நிறுத்தி இறங்கி வந்து கதவைத் தட்டுவது. முதல் இரண்டையும் வழிவிட்டுச் சமாளிக்கலாம். மூன்றாவதற்கு வழிவிட்டால் மட்டும் போதாது, போலீஸ் வேண்டும்.

காருக்குள் ஏறியதும் ஏன் நாம் மாறிவிடுகிறோம்? பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வரிசையில் நிற்கும்போது ஒருவர் தெரியாமல் முன்னால் வந்துவிட்டால், "சாரிக்கா, பார்க்கல" என்பார். நாமும் "பரவால்ல" என்போம். முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, விஷயம் முடிந்தது. சாலையில் முகம் கிடையாது. ஒரு பம்பரும் ஒரு பதிவு எண்ணும்தான் தெரியும். மன்னிப்புக் கேட்கக் குரலும் கிடையாது. இருப்பது ஹோன் ஒன்றுதான். அதற்கு ஏற்ற இறக்கமும் இல்லை, வேற்றுமை உருபும் இல்லை. 'கவனம்' என்பதற்கும் 'விளக்கு பச்சையாயிடுச்சு' என்பதற்கும் 'முட்டாள்' என்பதற்கும் ஒரே சத்தம். கேட்பவர் பெரும்பாலும் மூன்றாவது பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, நம் பிழைக்கு நாம் காரணம் தேடுகிறோம். அடுத்தவர் பிழைக்கு அவர் குணத்தைக் குறை சொல்கிறோம். நான் வெட்டிப் போனால் அவசரம். அவன் வெட்டிப் போனால் திமிர்.

அந்த அவசரத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 13 நிமிடம் 20 விநாடி ஆகும். நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110இல் போனால் சுமார் 10 நிமிடம் 55 விநாடி. மிச்சம் இரண்டரை நிமிடம்கூட இல்லை. அதுவும் சாலை காலியாக இருந்தால்தான். காலை ஏழு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தடம் மாறி மாறி முந்திப் போனவரை அடுத்த நெரிசலில் நம் பக்கத்திலேயே பார்க்கிறோம். அவர் நம்மைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி, எதிரில் ஒரு மூர்க்கன் வந்துவிட்டால் என்ன செய்வது?

பின்னால் ஒட்டி வருபவர்தான் அடிக்கடி வாய்க்கும் ஆள். வலத் தடம் முந்திச் செல்வதற்கு. முந்தி முடித்ததும் இடப்பக்கம் வந்துவிட வேண்டும் என்பது விதி. "நான் 110லதான் போறேன், இவனுக்கு ஏன் வழி விடணும்?" என்று வலத் தடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். என் கணவர் அவர்களில் ஒருவர். வேக வரம்பைக் காப்பது அவர் வேலையல்ல என்று நானும் பல வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். சமிக்ஞை போட்டு, இடம் பார்த்து, நிதானமாக ஒதுங்கிவிட்டால் ஆபத்து நமக்கு முன்னால் போய்விடும். முன்னால் போய்விட்ட ஆபத்தைக் கண்ணால் பார்க்கலாம். பின்னால் வைத்துக்கொண்டு பிரேக்கைத் தட்டிப் 'பாடம் புகட்டுவது' மட்டும் கூடவே கூடாது. 110இல் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 30 மீட்டர் ஓடிவிடும். பின்னால் வருபவர் திடுக்கிட்டுக் காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள் அந்த 30 மீட்டரும் தீர்ந்துபோகும்.

அதே கணக்கு நமக்கும்தான். முன் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிப்பதற்குள் அதே கம்பத்தை நாம் தாண்டிவிட்டால், ஒட்டி ஓட்டுவது நாம்தான். மழை நாளில் நான்கு வரை எண்ணலாம்.

யாராவது பின்தொடர்கிறார் என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். பதற்றத்தில் எல்லோருக்கும் வீட்டு நினைவுதான் வரும். ஆனால் போய்ச் சேர்ந்தால் நம் முகவரியை நாமே காட்டிக் கொடுத்ததாகிவிடும். அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கு ஓட்டுங்கள். அது தூரமென்றால் ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள எண்ணெய் நிலையத்துக்குப் போங்கள். உடன் வருபவரை 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்க வேண்டாம். அதுவே ஒரு குற்றம். அந்த வேலையை டேஷ்கேம் பார்த்துக்கொள்ளும்.

நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஆள் இறங்கி வந்தே விட்டால்? கதவைப் பூட்டுங்கள். கண்ணாடியை இறக்க வேண்டாம், இறங்கவும் வேண்டாம். கண்ணோடு கண் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டுங்கள். தப்பு நம்முடையது இல்லையென்றாலும் காட்டலாம். இதை நான் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர், "தப்பு செய்யாதவன் ஏன் மன்னிப்புக் கேக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கை மன்னிப்புக் கடிதம் அல்ல. எதிரில் நிற்பவர் திரும்பிப் போக ஒரு சாக்கு. கூட்டத்துக்கு முன்னால் இறங்கி வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வெட்கப்படுவார்; அவருக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. "சாரி பாங்" என்ற இரண்டு சொல் பல சண்டைகளை முடித்து வைத்திருக்கிறது. பல இனத்தார் ஓட்டும் சாலையில் எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது என்ற குழப்பமும் உயர்த்திய கைக்கு இல்லை.

இங்கே மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். ஆகவே இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதும் நீங்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். பலர் மோட்டாரில்தான் பள்ளிக்கு வருகிறீர்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. காருக்கும் மோட்டாருக்கும் சண்டை வந்தால் நியாயம் யார் பக்கம் இருந்தாலும் அடி மோட்டார் பக்கம்தான்.

ஹோன் பற்றிக் கேட்டானே, அதே மாணவன் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தான். அவன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். ஒரு கார் உரசுவதுபோல் வந்ததாம். அண்ணன் துரத்திப் போய்க் காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டி உடைத்துவிட்டார். காரோட்டி அடுத்த சந்திப்பில் மடக்கினார். கைகலப்பில் தலைக்கவசத்தாலேயே அண்ணனுக்கு அடி, நெற்றியில் ஒன்பது தையல். "ஆனா டீச்சர், அண்ணன் ரிப்போட் போடப் போனா, அந்தாளும் ரிப்போட் போட்டிருக்கான். ரெண்டு பேரையும் விசாரிக்கிறாங்க. அம்மாதான் அழுதுக்கிட்டே இருக்காங்க."

இதைப் பலர் யோசிப்பதில்லை. முதலில் தப்புச் செய்தவர் யார் என்பது ஒரு கேள்வி. அதன்பின் நாம் செய்தது என்ன என்பது வேறொரு கேள்வி. சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு ஆபத்தாக வாகனமோட்டுவதைப் பற்றியது. 2020இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் அதற்கு ஐந்தாண்டு வரை சிறையும், 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஆனால் இறங்கி வந்து அடித்துவிட்டால் விஷயம் குற்றவியல் சட்டத்துக்குப் போய்விடும். காயம் விளைவிப்பதற்கான 323ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கண்ணாடியை உடைத்தால் சொத்துக்குச் சேதம் என்ற 427ஆவது பிரிவு. அண்ணனின் கதையில் இந்த இரண்டு பிரிவும் எதிரெதிராக நிற்கின்றன.

2014 ஜூலையில் குவாந்தானில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். முதியவர் ஒருவரின் கார், இளம்பெண் ஒருவரின் காரில் லேசாக மோதியது. அந்தப் பெண் ஸ்டேரிங் பூட்டுக் கம்பியால் அவர் காரை அடித்தபடி கத்தும் காணொளி நாடு முழுக்கப் பரவியது. முதியவர் அமைதியாக நின்றார். பிறகு மன்னிக்கவும் செய்தார். நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 5,000 வெள்ளி அபராதமும் 240 மணி நேரச் சமூகச் சேவையும் விதித்தது. மாணவர்கள் இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டாக எழுதும்போது இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே நாட்களில் முகநூலில் அந்தப் பெண்ணின் தனிப்பட்ட விவரங்களைத் தோண்டியெடுத்துப் பகிர்ந்தவர்களையும், கேலிப்படம் போட்டவர்களையும் யாரும் எழுதுவதில்லை. சாலைச் சினம் சாலையை விட்டு இறங்கிக் கைப்பேசிக்குள் வந்த கதை அது. டேஷ்கேம் பதிவை நேரே போலீசிடம் கொடுப்பதற்கும், பதிவு எண்ணோடு புலனத்தில் தட்டிவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் ஒரு பாடவேளை பேசலாம்.

தேர்வுக்கு என்று பார்த்தால், இந்தத் தலைப்பில் வரும் கருத்து விளக்கக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சு. 'வாகனமோட்டிகள் பொறுமையைக் கடைப்பிடிக்க வேண்டும்' என்று ஒரு வரி, திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்திலிருந்து ஒரு குறள், 'அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று ஒரு முடிவு. தப்பில்லை. ஆனால் திருத்துபவருக்கு நாற்பதாவது தாளிலும் அதே வரி. பொறுமை என்று எழுதுவதற்குப் பதிலாக, பொறுமையாக இருப்பவரின் கை அந்த நேரத்தில் எங்கே இருக்கும், கால் எங்கே இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். கருத்து தானாக விரியும்.

ஆசிரியர்கள் இதைப் பேச்சுப் பயிற்சியாகவும் செய்யலாம். நான் செய்தேன். இருவர் நாற்காலியில் காரோட்டிகளாக உட்கார வேண்டும். பேசக் கூடாது, மேசையைத் தட்டும் ஒரே சத்தம்தான் ஹோன். 'நன்றி', 'மன்னிக்கவும்', 'தள்ளிப் போ' மூன்றையும் அந்தத் தட்டலிலேயே சொல்ல வேண்டும். முதல் சுற்றிலேயே இருவரும் முறைத்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில் கையையும் பயன்படுத்தலாம் என்றேன். பின்வரிசை மாணவி கையை உயர்த்தித் தலையைச் சற்றுச் சாய்த்ததும் எதிரில் இருந்தவன் சிரித்துவிட்டான்.

அன்று மாலை அதே வாசலில் மறுபடியும் ஒரு கார் குறுக்கே நின்றது. வேறு கார், வேறு ஆள். மகன் காத்திருந்தான், கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஹோன் மேல் கை போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு முறை, மெதுவாகத் தட்டினேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு வாரம் கழித்து மாணவர்களின் கட்டுரைகள் மேசைக்கு வந்தன. அவன் கட்டுரை, 'ஒரு மாலை நேரத்தில் பள்ளி வாசலில் ஒரு கார் இடைவிடாமல் ஹோன் அடித்தது' என்று தொடங்கியது. யாருடைய கார் என்று எழுதவில்லை. வெள்ளை நிறம் என்று மட்டும் எழுதியிருந்தான்.