அமெரிக்கா கோப்பைப் படகுப் பந்தயமும் நீதிமன்ற வழக்குகளும்

அமெரிக்கா கோப்பை என்பது உலகின் மிகப் புகழ்பெற்ற பாய்மரப் படகுப் பந்தயங்களுள் ஒன்று. 1851 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த 'அமெரிக்கா' என்ற படகு வென்றது. அந்தப் படகின் பெயரே கோப்பைக்கு நிலைத்துவிட்டது. பெரும் பணம் தேவைப்படும் இப்போட்டியில் செல்வந்தர்களின் போட்டி கடலோடு நிற்காமல், நீதிமன்றம் வரை இருமுறை நீண்டது.

கொடைப் பத்திரம்

படகின் உரிமையாளர்கள் 1857 இல் இக்கோப்பையை நியூயார்க் படகுக் கழகத்திடம் ஒரு கொடைப் பத்திரத்தின் மூலம் ஒப்படைத்தனர். இன்று நடைமுறையிலுள்ள பத்திரம் 1887 இல் எழுதப்பட்டது. அதன்படி கோப்பையை வெல்லும் கழகம் அதன் சொந்தக்காரர் ஆவதில்லை. அறங்காவலர் மட்டுமே ஆகிறது. இந்த அறக்கட்டளை நியூயார்க் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே சுவிட்சர்லாந்துக் கழகமும் நியூசிலாந்துக் கழகமும் மோதினாலும் வழக்கு நியூயார்க்கிற்கே செல்லும்.

பந்தயம் எப்படி நடக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். உடன்பாடு எட்டாவிட்டால் பத்திரத்தின் விதிகளே செல்லும். பத்து மாத முன்னறிவிப்பு, ஒற்றைப் பாய்மரப் படகாயின் நீர்மட்ட நீளம் 90 அடிக்கு மிகாமை, இரண்டு வெற்றி பெறுபவருக்குக் கோப்பை என்பன அவற்றுள் சில. சச்சரவுகளுக்கு வழி திறந்தது இந்த ஏற்பாடுதான்.

1988: பெரிய படகும் இரட்டை உடல் படகும்

நியூயார்க் கழகம் 132 ஆண்டுகள் வைத்திருந்த கோப்பையை 1983 இல் ஆஸ்திரேலியா வென்றது. 1987 இல் சான் டியேகோ கழகம் அதை அமெரிக்காவுக்கு மீட்டது. அதே ஆண்டில் நியூசிலாந்து வங்கித் தொழிலதிபர் மைக்கேல் ஃபே, மெர்க்குரி பே கழகத்தின் வழியாக, 90 அடி நீர்மட்ட நீளமுள்ள படகுடன் சவால் விடுத்தார். அச்சவால் செல்லும் என நீதிமன்றம் கூறியது.

சான் டியேகோ அதே போன்ற படகைக் கட்டவில்லை. எடை குறைந்த, விரைவான கேட்டமரானை இறக்கியது. தமிழின் 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்ற இந்த இரட்டை உடல் படகு, 1988 செப்டம்பரில் 2–0 என எளிதாக வென்றது. 1989 மார்ச்சில் நீதிமன்றம் கோப்பையை நியூசிலாந்துக்கு வழங்கியது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறி, 1990 இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் சான் டியேகோவின் வெற்றியை உறுதி செய்தது. அப்படகு பத்திரத்தால் தடை செய்யப்படவில்லை என்றும், விளையாட்டில் எது பெருந்தன்மை என்பது நீதிமன்றம் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று என்றும் அது கூறியது.

2007–2010: பெர்ட்டரெல்லியும் எலிசனும்

2007 ஜூலையில் மருந்துத் தொழிலதிபர் எர்னெஸ்டோ பெர்ட்டரெல்லியின் அலிங்கி அணி, ஜெனீவா கழகத்துக்காகக் கோப்பையைத் தக்கவைத்தது. உடனே அக்கழகம், புதிதாகத் தொடங்கப்பட்ட ஸ்பானியக் கழகம் ஒன்றின் சவாலை ஏற்றது. இரண்டும் சேர்ந்து வகுத்த விதிகள் அலிங்கிக்கு மிகுந்த அதிகாரம் தந்தன. ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசனின் அணி, கோல்டன் கேட் கழகத்தின் பெயரில் வழக்குத் தொடுத்தது.

வழக்கு ஒரு சொல்லில் நின்றது. ஆண்டுதோறும் கடலில் பந்தயம் 'நடத்தும்' கழகமே சவால் விடலாம் என்பது பத்திரத்தின் கருத்து. இனி நடத்தப்போகும் கழகமும் அதில் அடங்குமா? முதல் நீதிமன்றம் அடங்காது என்றது. 2008 இல் மேல்முறையீட்டுப் பிரிவு அடங்கும் என்றது. 2009 ஏப்ரலில் உயர்ந்த நீதிமன்றம், சவாலுக்கு முன் ஒரு பந்தயமாவது நடந்திருக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஸ்பானியக் கழகம் தகுதி இழந்தது.

பந்தய இடமாக ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவை ஜெனீவா கழகம் தேர்ந்தெடுத்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வட அரைக்கோளத்தில் பந்தயம் கூடாது என்ற விதியைக் காட்டி எலிசன் தரப்பு அதையும் தடுத்தது. முடிவில் 2010 பிப்ரவரியில் ஸ்பெயினின் வாலென்சியாவில் போட்டி நடந்தது. சுமார் 68 மீட்டர் உயரமுள்ள விறைப்பான இறக்கைப் பாய் கொண்ட எலிசனின் மூவுடல் படகு 2–0 என வென்றது.

விளைவு

2007 இல் சவால் உரிமைக்காக 11 அணிகள் மோதின. 2010 இல் கடலில் இறங்கியவை இரண்டே படகுகள். நடந்தவை இரண்டே பந்தயங்கள். மற்ற அணிகளின் மாலுமிகளுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் அதில் இடமிருக்கவில்லை. நாடுகளுக்கிடையே நட்பார்ந்த போட்டி என்பதே பத்திரம் கூறும் நோக்கம். எந்த உரிமையாளர் சட்டப்படி சரி என்பதை நீதிமன்றத்தால் சொல்ல முடிந்தது. அந்த நட்பை அதனால் உண்டாக்க முடியவில்லை. இரு தரப்பும் உடன்படும்போது மட்டுமே இக்கோப்பை பல அணிகளின் போட்டியாகிறது. உடன்பாடு முறிந்தால் இருவர் மட்டும் மோதும் களமாகச் சுருங்கிவிடுகிறது.