மூடிவைத்தால்தான் தெரியும்

போட்டித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்பட்டியலை நெட்டுருப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லாமே தெரிந்துவிட்டதுபோல் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஏமாற்றுகிறது.

இதை அழுத்தமாகக் காட்டிய ஆய்வு 2008இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. உளவியலாளர்கள் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். 'மஷுவா' என்றால் படகு, இப்படி. ஒரு சொல்லின் பொருளை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகு, ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. சோதனையில் மட்டும் அது வரவில்லை. இன்னொரு குழு அதை மறுபடி படிக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் பொருளை நினைவிலிருந்து எடுத்துச் சொன்னது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்த குழுவுக்கு நினைவிருந்தது 36 சதவீதம். சொல்லிப் பார்த்த குழுவுக்கோ சுமார் 80 சதவீதம்! இத்தனைக்கும் முதல் நாள் இரு குழுக்களும் ஒரே வேகத்தில்தான் கற்றன. எத்தனை சொற்கள் தங்கும் என்று கேட்டபோது, இரண்டுமே ஏறக்குறைய பாதி என்றுதான் சொல்லியிருந்தன.

பொருள் கண்ணெதிரே இருக்கும்போது மூளைக்குத் தேடும் வேலை இல்லை. திணறித் தேடி எடுக்கிறோமே, அந்த முயற்சிதான் சொல்லைப் பதியவைக்கிறது.

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இலேயே இதற்கு எளிய வழி சொன்னார். அட்டையின் முன்புறம் சொல், பின்புறம் பொருள். பெட்டியில் சில அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின் அறைகளைத் திறக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். இடைவெளியின் பலன் பெரிது. பாரிக் என்ற குடும்பத்தினர் நால்வர் தங்களையே சோதித்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், 56 நாளுக்கு ஒருமுறை செய்த 13 பயிற்சிகள், 14 நாளுக்கு ஒருமுறை செய்த 26 பயிற்சிகளுக்கு ஈடாக இருந்தன.

அட்டைக்கும் எல்லை உண்டு. 'ஆர்டுவஸ்' என்றால் கடினமானது என்று அது சொல்லும். பயணத்துக்கும் பணிக்கும் பொருந்துகிற சொல், கல்லுக்குப் பொருந்தாது என்பதை வாசிப்புதான் காட்டும். ஆனால் அந்த வாசிப்புக்கே நிறையச் சொற்கள் வேண்டும். ஆங்கில நாவலையோ நாளிதழையோ பிறர் துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார்.