பைப் பிடிக்கப் பழகணுமா? முதல்ல உங்க நாக்கு சொல்றதைக் கேளுங்க!

பழைய தமிழ்ப் படங்களில் பங்களா மாடிப்படியில் சில்க் கவுன் போட்டுக்கொண்டு ஒரு பணக்கார அப்பா இறங்கி வருவாரே, ஞாபகம் இருக்கா? கையில் பைப் இருக்கும். ஆனா, அவர் அதை நிரப்பியோ, அணைஞ்சதைத் திரும்பப் பற்ற வைத்தோ, உள்ளே குச்சி விட்டுச் சுத்தம் செய்தோ நாம் பார்த்திருக்கவே மாட்டோம். நிஜத்தில் பைப் என்பதில் முக்கால்வாசி அந்த வேலைதான்.

இப்போது அந்த பைப் ரீல்ஸில் திரும்ப வந்திருக்கிறது. மங்கலான மஞ்சள் லைட், லெதர் சோஃபா, கையில் புத்தகம், மெல்லிய புகை. கூடவே ஒரு டயலாக்கும் வரும்: "சிகரெட் மாதிரி உள்ளே இழுக்க வேண்டாம் ப்ரோ, அதனால உடம்புக்கு ஒண்ணும் ஆகாது." இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தப்பு. இரண்டையும் பார்த்துடலாம்.

முதலில் சரியான பாதி. பைப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை. வாயில் வாங்கி, கொஞ்சம் வைத்திருந்து, வெளியே விட வேண்டும். சிகரெட் பிடித்துப் பழகினவருக்கு இதுதான் கஷ்டம். கை பைப்பைப் பிடித்திருக்கும், நெஞ்சு சிகரெட் பழக்கத்தில் இழுக்கும். பைப் புகை காட்டம், இருமல் தூக்கிப் போடும்.

அப்புறம் வேகம். பைப்புக்குப் புதுசா வருகிற எல்லோருக்கும் நடக்கிற விபத்து, நாக்கு பொரிந்துபோவது. ஆங்கிலத்தில் இதை 'டங் பைட்' என்பார்கள். சூடான பாயசத்தை அவசரத்தில் வாயில் போட்ட மாதிரி ரெண்டு நாளைக்கு நாக்கு எரியும். எரிகிற துண்டு எதுவும் நாக்கில் பட்டிருக்காது. காரணம் பெரும்பாலும் நீராவி. பைப் புகையிலையை ஈரப்பதத்தோடுதான் விற்பார்கள். அணைந்துவிடுமோ என்ற பயத்தில் ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று இழுத்தால் அந்த ஈரம் கொதித்து நேரே நாக்குக்கு வரும். அதனால் அனுபவசாலிகள் டப்பாவிலிருந்து எடுத்ததை உடனே நிரப்ப மாட்டார்கள். ஒரு தாளில் பரப்பிக் கொஞ்ச நேரம் காய விடுவார்கள்.

நிரப்புவதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. கிண்ணத்தின் அடியில் குழந்தை கை அழுத்துகிற அளவு, நடுவில் பெண் கை, மேலே ஆண் கை. பெண்ணியவாதிகள் மன்னிக்கவும், அந்தக் காலத்து உவமை அது. விஷயம் என்னவென்றால், அடியில் தளர்வாக இருக்க வேண்டும், மேலே போகப் போக இறுக வேண்டும். நிரப்பிய பிறகு தீ வைக்காமலேயே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ராவில் ஜூஸ் குடிக்கிற மாதிரி லேசான தடை இருந்தால் சரி. மில்க் ஷேக் மாதிரி இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியதுதான்.

முதல் தீக்குச்சி, புகையிலையின் மேல்பரப்பைக் கருக்க மட்டும். அது உப்பிக்கொண்டு மேலே எழும்பும். டாம்பர் எனும் சின்ன உலோகக் குச்சியால் லேசாக அமுக்கிவிட்டு இரண்டாவது தடவை பற்ற வைப்பார்கள். அதற்குப் பிறகு சூடான டீயை உறிஞ்சுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. அணைந்துவிட்டால் அவமானம் கிடையாது, திரும்பப் பற்ற வைக்கலாம். கிண்ணத்தைக் கன்னத்தில் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், தானாக அணையும்வரை விட்டுவிட வேண்டும்.

இந்த நிதானத்தை ஒரு போட்டியாகவே நடத்துகிறார்கள். ஐரோப்பாவில் பைப் கிளப்புகளின் போட்டிகளில் ஆளுக்கு 3 கிராம் புகையிலை, 2 தீக்குச்சி. யாருடைய பைப் கடைசிவரை அணையாமல் இருக்கிறதோ அவர் வெற்றியாளர். 3 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள்! இவர்களோடு ஒப்பிட்டால் ஷெர்லாக் ஹோம்ஸ் ரொம்ப அவசரக்காரர். 'ரெட் ஹெடட் லீக்' கதையில் ஒரு புதிருக்கு மூன்று பைப் தேவை என்று கணக்குப் போட்டு, 50 நிமிடம் தன்னோடு பேச வேண்டாம் என்கிறார். ஒரு பைப்புக்கு 17 நிமிடம்கூட இல்லை. அவர் நாக்கு என்ன ஆகியிருக்கும்? (சாம்பலைப் பார்த்தே அது திருச்சி சுருட்டு என்று சொன்னவரும் இதே ஹோம்ஸ்தான்.)

பைப்பே எதில் செய்கிறார்கள்? நல்ல பைப்புகளுக்கு பிரையர் மரம். மத்திய தரைக்கடல் ஓரத்துப் புதர்ச்செடி ஒன்றின் வேரருகே திரள்கிற முண்டு அது. சூடு தாங்கும், ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பிரான்சின் செயின்ட் கிளாட் ஊர் இந்த வேலைக்குப் பேர்போனது. மலிவு வகை, மக்காச்சோளத்தை உதிர்த்தபின் மிஞ்சுகிற கட்டையில் செய்வது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் செய்கிறார்கள். பிரையர் பைப்பை ஒருமுறை பிடித்தால் ஒரு நாளாவது காய விட வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஊறிய ஈரம் புளித்து நாறும்.

பலரை இழுப்பது வாசனைதான். வெனிலா, செர்ரி, விஸ்கி! இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்த மணம் அறையில் இருக்கிற மற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிடிப்பவர் வாயில் பெரும்பாலும் புகையிலையும் சூடும்தான். இன்ஸ்டாவில் பார்த்து ஆசைப்பட்ட ஹோட்டல் பிரியாணி மாதிரி.

உள்ளே இழுக்கலையே, அப்புறம் என்ன?

சிகரெட் புகை லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் நிகோடின் ரத்தத்தில் கலக்க நுரையீரல் வேண்டும். பைப் புகை பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. அந்த நிலையில் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே இறங்கிவிடும். அதாவது, நீங்கள் இழுக்காவிட்டாலும் அது உள்ளே போகும். மெதுவாகப் போவதால் புதியவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். நன்றாகத்தானே இருக்கு என்று பாதிப் பைப் தாண்டியிருப்பார். திடீரென்று தலை சுற்றும், வயிறு புரட்டும், சில்லென்று வேர்க்கும். வெறும் வயிறு என்றால் இன்னும் மோசம். அடிமையாவதற்கும் இதே நிகோடின் போதும்.

புற்றுநோய்க் கதை இன்னும் பழையது. பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795-லேயே குறித்து வைத்தார். 1964-ல் வெளியான அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கையும் பைப்புக்கும் உதட்டுப் புற்றுக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்தது. வாய், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. புகையை இழுக்கவே இழுக்காதவருக்கு நுரையீரல் புற்று அபாயம் சிகரெட்காரரைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனா, குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் ஆகாது. சிகரெட்டிலிருந்து பைப்புக்கு மாறுகிறவர்களில் நிறைய பேர் பழக்கதோஷத்தில் உள்ளே இழுக்கிறார்கள் என்பதால் அந்தச் சலுகையும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெனிலா வாசனையை ரசிக்கிறவரும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார். ஒரு பைப் முக்கால் மணி நேரம் கனியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை பைப்புக்கு விலக்கு எதுவும் இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை, 200 ரூபாய் வரை அபராதம்.

என்னைக் கேட்டால், இதுவரை புகையிலையே தொடாதவர் பைப்புக்காகத் தொட வேண்டியதில்லை. சிகரெட்டை விடுவதற்காக பைப் வாங்குகிறேன் என்பவருக்கு அந்தக் காசு வேஸ்ட். அவர் போக வேண்டிய இடம் டாக்டரிடம். அந்த அமைதியான முக்கால் மணி நேரம்தான் வேண்டுமென்றால், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒரு ஃபில்டர் காபி போட்டுக்கொள்ளலாம். டிகாக்ஷன் இறங்கவும் பொறுமை வேண்டியதுதான்.

ஏற்கெனவே பைப் பிடிக்கிறவரா நீங்க? கண்ணாடி முன்னால் நின்று போன் டார்ச்சை அடித்து மேல் அண்ணத்தைப் பாருங்கள். தோல் வெளுத்து, அதில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிகிறதா? தொடர்ந்து பைப் பிடிப்பவர்களுக்கு வருகிற மாற்றம் அது. விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். உதட்டிலோ நாக்கிலோ ஒரு புண், ஒரு வெள்ளைத் திட்டு இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால், வலி இல்லையே என்று விட்டுவிடாமல் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.