எங்கள் வீட்டுக் காதலுக்குப் படம் கிடையாதா?

காதல் படம், சரித்திரப் படம் என்றால் பெண்கள் கூட்டம் அம்மும் என்று சினிமாக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கணக்கு தப்பில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். டி.வி.யில் அடிதடிப் படம் ஓடினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். காதல் படமோ, ராஜா ராணி கதையோ என்றால் மட்டும், தார் சுற்றுகிற ராட்டையைத் டி.வி. தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விடுவோம். கை அதுபாட்டுக்குச் சுற்றும், கண் அதுபாட்டுக்குப் பார்க்கும்.

நான் பெரிய சினிமா ரசிகை இல்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து கூரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டிலும் தறி, புகுந்த வீட்டிலும் தறி. தியேட்டருக்குப் போவது வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் அதிகம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் படம் என்று சின்ன வயதில் ஆரம்பித்த பழக்கம்தான் இன்னும் தொடர்கிறது. கேமரா, எடிட்டிங் பற்றியெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். ஆனால் இத்தனை வருஷம் பார்த்ததில் ஒரு குறை மனசில் கிடக்கிறது. அதை நம் பக்கத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

திரையில் ஒரு பெண் வந்தால் எனக்கு முதலில் தெரிவது முகம் இல்லை, புடவைதான். கரை கோர்வையா? ஜரிகை நிஜமா, இல்லை பிளாஸ்டிக் மினுமினுப்பா? கையால் நெய்ததா, விசைத்தறியா? கண் தானாக அங்கே போய்விடும். தொழில் புத்தி! சில படங்களில் (பெயர் எதற்கு, பாவம்) ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மகாராணி, விசைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். வசனம் பேசப் பேச எங்கள் வீடே சிரிக்கும்.

'பொன்னியின் செல்வன்' வந்தபோது அப்படிச் சிரிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. இரண்டையும் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்ப் பார்த்தோம். உடைகளை வடிவமைத்தவர் ஏகா லக்கானி என்ற பெண்மணியாம். குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நின்று பேசுகிற இடத்தில், த்ரிஷாவைப் பார்ப்பதா ஐஸ்வர்யா ராயைப் பார்ப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த மயக்கத்தில் நாங்கள் இருக்க, என் மாமியார் மட்டும் என் காதில் சொன்னார்:

"ராணிங்க வராங்க, போறாங்க, சரி. அத்தினி துணியும் நெஞ்சவன் ஒருத்தனைக் கூடக் காணோமே?"

அன்று சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்கி கதையில் ஆதித்த கரிகாலன் எங்கள் காஞ்சியில்தான் பொன் மாளிகை கட்டுகிறான். நந்தினி மேல் வைத்த ஆசையை மறக்க முடியாமல் தவிக்கிறான். கடைசியில் அவள் எதிரிலேயே உயிரை விடுகிறான். விக்ரம் அந்த வேதனையை முகத்தில் கொண்டுவந்த விதத்தில் நானும் அழுதேன். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தப் பொன் மாளிகைக்குத் திரைச்சீலை நெய்த வீட்டில் காதல் இருந்திருக்காதா? அந்த வீட்டுப் பெண் யாருக்காகவும் வாசலில் காத்து நின்றிருக்க மாட்டாளா? சரித்திரப் படத்தில் காதல் அரண்மனைக்கு மட்டும்தான் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

'சிவகாமியின் சபதம்' எனக்கு ஒரு படி மேலே பிடிக்கக் காரணமும் இதுதான். சிவகாமி ஒரு சிற்பியின் மகள், உளி பிடித்த வீட்டுப் பெண். ஆனால் அங்கேயும் பாருங்கள், நரசிம்மவர்மன் கடைசியில் பாண்டிய ராஜகுமாரியைத்தான் கட்டிக்கொள்கிறான். சிற்பி மகளுக்கு ஏகாம்பரநாதர் சன்னதி!

அந்த நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன். அவர் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், கட்டிய சிவன் கோயில் எங்கள் கூரத்தில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்குக் கொடுத்த தானத்தை எழுதிய செப்பேட்டுக்குக் கூரம் செப்பேடு என்றே பெயர். அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது 1,300 வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊரில் ஜனங்கள் உட்கார்ந்து கதை கேட்க ராஜா மானியம் கொடுத்திருக்கிறார்! இன்றைக்கு நாங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் மட்டும் "வேலை வெட்டி இல்லாமல் கதை பார்க்கிறார்கள்" என்கிறார்கள்.

கூரத்தாழ்வான் பிறந்ததும் இந்த ஊர்தான். ராமானுஜரின் சீடர். பெரிய செல்வந்தர், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே போகிறார். காட்டு வழியில் ஆண்டாள், "பயமாக இருக்கிறதே" என்கிறார். "மடியில் கனம் இருந்தால்தானே பயம், ஏதாவது எடுத்து வந்தாயா?" என்று கேட்கிறார் கணவர். நீங்கள் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு பொன் வட்டில் மட்டும் கொண்டு வந்தேன் என்கிறார் அந்த அம்மாள். அவர் அதை வாங்கித் தூக்கி எறிந்துவிட்டு, இனி பயமில்லாமல் வா என்கிறார். பெரியவர்கள் இதைச் சொல்லும்போது ஆழ்வானின் துறவைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வட்டில்தான் கண்ணில் நிற்கும். சொத்தெல்லாம் போன பிறகும், இந்த மனுஷன் எதில் தண்ணீர் குடிப்பார் என்று யோசித்து எடுத்து வைத்தாளே, அது காதல் இல்லாமல் வேறு என்ன? 2015ல் கலைஞர் டி.வி.யில் 'ராமானுஜர்' தொடர் வந்தபோது, நம்ம ஊர்க்காரர் வருவார் என்று நானும் மாமியாரும் விடாமல் பார்த்தோம். ஆண்டாளை மட்டும் வைத்து யாராவது ஒரு படம் எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

சரி, காதல் படங்களுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தவை எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் நடக்கிற காதல்தான். 1986ல் வந்த 'மௌன ராகம்'. ரேவதி விவாகரத்து கேட்கிறாள். மோகன் கத்தவில்லை, அடிக்கவில்லை. கடைசியில் அவள் கொலுசு போட்டுக்கொண்டு நடந்து வரும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். 2000ல் வந்த 'அலைபாயுதே' பாட்டுக்காக ஓடியது என்பார்கள். பாதி கட்டின வீட்டில் குடித்தனம் வைத்து மாதவனும் ஷாலினியும் சண்டை போடுகிறார்களே, எனக்கு அந்தப் பகுதிதான் படம்.

எல்லாவற்றுக்கும் மேலே 'தில்லானா மோகனாம்பாள்'. 1968ல் வந்தது. எத்தனை தடவை போட்டாலும் பார்ப்போம். காரணம் சொல்லட்டுமா? சிவாஜி பத்மினியின் அழகைப் பார்த்து மயங்கவில்லை, அவளுடைய ஆட்டத்தைப் பார்த்து மயங்குகிறார். அவளும் அப்படியே, அவர் நாயனத்தைக் கேட்டுத்தான். ஒருத்தர் வேலையை ஒருத்தர் மதித்து, பொறாமைப்பட்டு, சண்டை போட்டு வருகிற காதல் அது. நிஜத்தில் நாயனம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கலைஞர்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை உண்டு போல. 2010ல் வந்த 'மதராசபட்டினம்' படத்தில் சலவைத் தொழிலாளியான ஆர்யாவை வெள்ளைக்காரப் பெண் காதலிக்கிறாளே, அதற்காக இயக்குநர் விஜய்க்கு ஒரு சபாஷ் போடலாம். ஆனால் அங்கேயும் காதலிப்பவள் கவர்னர் மகள்! அரண்மனை எப்படியாவது உள்ளே வந்துவிடுகிறது.

'96' படத்தை என் மகளோடு பார்த்தேன். 2018ல் வந்தது, நாங்கள் பார்த்தது அப்புறம் டி.வி.யில். ஜானு ஊருக்குப் போன பிறகு, அவள் உடுத்திவிட்டுப் போன துணியை ராம் மடித்துப் பெட்டியில் வைக்கிறான். துணியை அத்தனை பத்திரமாக மடிக்கிற ஆண்பிள்ளையை சினிமாவில் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்:

"அம்மா, நீயும் அப்பாவும் லவ்வே பண்ணினது இல்லையா?"

என்ன பதில் சொல்வது? "போடி, போய்ப் படி" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

கோர்வைப் புடவையை ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாது. உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. ஒரு பக்கக் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். கல்யாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து அந்த இன்னொரு ஆள் நான்தான். அவர் மிதியை மிதிக்கிற விதத்திலேயே கோபமா, சந்தோஷமா, காலையில் சாப்பிட்ட இட்லி பத்தவில்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் கொஞ்சம் சோர்ந்தால் அவர் வேகம் தானாகக் குறையும். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இரண்டு பேரும் பேசாமலிருந்த நாளில்கூடக் கரை கோணாமல் வந்திருக்கிறது. ஒருத்தர் கை ஒருத்தருக்குத் தெரியாவிட்டால் அது வராது. டூயட் பாடினால்தான் காதலா?

இதையெல்லாம் காட்டாத குறையைத் தீர்க்கத்தான் 'காஞ்சிவரம்' வந்ததோ என்று நினைத்தேன். பிரியதர்ஷன் எடுத்த படம், 2009ல் தியேட்டருக்கு வந்தது. 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கும், பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகர் என்றும் தேசிய விருதுகள் கிடைத்தன. சுதந்திரத்துக்கு முந்தைய காஞ்சிபுரத்து நெசவாளி வெங்கடம். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை தருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வேலை செய்கிற இடத்திலிருந்து பட்டு நூலைத் தினமும் வாயில் அடக்கித் திருடிக்கொண்டு வருவார். ராத்திரியில் ஒளித்து வைத்து நெய்வார். முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதி நெய்த புடவை, மகளின் உடம்பை மூடக்கூடப் பத்தாது. முகத்தை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் முகம் தெரியும்.

பொய் என்று சொல்ல முடியாது. பட்டு நெய்த வீட்டில் பட்டு கட்டாத பெண்கள் இருந்தார்கள். என் மாமியாரே சாட்சி. படம் முடிந்ததும் அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை டி.வி.யில் போட்டபோதும் "வேணாம், மாத்து" என்றுவிட்டார்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை நிறைய, வருத்தமும் உண்டு. வெங்கடமும் மனைவி அன்னமும் பேசிக்கொள்கிற இடங்கள் எத்தனை அழகு! ஸ்ரேயா ரெட்டி கண்ணாலேயே நடித்திருப்பார். அந்த அன்னத்தைப் பாதிப் படத்திலேயே சாகடித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு ஆண் தனியாக நெய்கிற கதையாகப் போய்விட்டது. தார் சுற்றியது யார், கரைக்கு நாடா போட்டது யார் என்று படம் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் படம் இன்னொரு வேலையும் செய்தது. மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். நெசவு செய்கிற வீட்டுக்கு மட்டும் என்னைக் கொடுத்துவிடாதே என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாள். 'காஞ்சிவரம்' பார்த்ததும், "அதுக்குத்தாம்மா சொல்றேன்" என்றாள். அவள் அப்பா அப்போது தறியில்தான் இருந்தார். சத்தம் ஒரு நிமிஷம் நின்று, திரும்ப ஆரம்பித்தது.

மகளை நான் குறை சொல்ல மாட்டேன். கூலியும் கஷ்டமும் அவளுக்கும் தெரியும். தறி வீட்டுக்காரர்களே இன்று தறி வீட்டில் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். அவள் போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்கள் வாழ்க்கையில் பாதியைத்தான் சினிமா அவளுக்குக் காட்டியிருக்கிறது. ராணிக்குக் காதல், நெசவாளிக்குச் சாவு என்று யார் பங்கு பிரித்தது? உழைக்கிற வீட்டைப் படம் எடுத்தால் கடைசியில் யாராவது செத்தால்தான் விருது கிடைக்குமா? ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தறியில் உட்கார்ந்து, சண்டை போட்டு, பேசாமலிருந்து, புடவை அறுத்த அன்றைக்குக் கூலி வாங்கி, வரும் வழியில் பூவும் பக்கோடாவும் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு படம் வரக் கூடாதா? கடைசியில் இரண்டு பேரும் உயிரோடு இருக்கட்டும், போதும்.

அப்படி யாராவது எடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். தறிச் சத்தத்தை நிஜமாகப் பதிவு செய்து போடுங்கள். ஸ்டுடியோவில் எதையாவது தட்டிச் சேர்த்தால், ராட்டை முன்னால் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும்.

— ஒரு வாசகி, கூரம்.